காற்றை எடைபோட்ட துலாக்கோல்: இறக்கை ஏற்ற அளவீட்டின் வரலாறும் மலாக்கா மாநிலமும்

முன்னுரை

மலாக்கா மாநிலத் தமிழர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குடியேற்றம், கங்காணி முறை, கோவில், பள்ளி, தொழிற்சங்கம் ஆகிய எல்லைகளுக்குள் அமைந்துவிடுகின்றன. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை ஆலைத் தொழிலுக்கு இடம்பெயர்ந்ததைப் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அதே மாநிலத்தில், பத்து பெரண்டாம் விமான நிலையத்தை ஒட்டி, 1990களில் விமானம் கட்டும் தொழில் வேரூன்றியது என்பதும், இன்று உலகின் பல நாடுகளுக்கு மேல் பறக்கும் விமான இறக்கைகளின் சில உறுப்புகள் அங்கிருந்து செல்கின்றன என்பதும் நம் தமிழ்க் கட்டுரைகளில் ஏறக்குறைய இடம்பெறவில்லை. அவ்விறக்கை எவ்வாறு தாங்குகிறது, அது தாங்கும் என்று எவ்வாறு முன்கூட்டியே அறிந்தார்கள் என்னும் வினாவுக்கு நீண்ட வரலாறு ஒன்று உண்டு. காற்றுச் சுரங்கம் என்னும் கருவியின் வரலாறே அது. அதனைத் தமிழாசிரியர் வகுப்பில் எடுத்துரைக்கத் தக்க வகையில் தமிழிலேயே சொல்லிப் பார்ப்பதும், மலாக்காத் தமிழரின் தொழில் வாழ்வோடு அது எங்கே தொடுகிறது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்து நிறுவையும் இரு சொற்களும்

மலாக்காவில் வணிக நோக்குடன் இரப்பர் பயிரிடப்பட்டது 1896இல் ஆகும். டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் முதலில் நட்டார். அதன்பின் புக்கிட் அசகானில் பெரும் பரப்பில் தோட்டம் அமைத்தார். தொடர்ந்து எழுந்த தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். அத்தோட்டங்களில் ஒவ்வொரு நாளும் பிற்பகலுக்கு முன் நிகழ்ந்த ஒரு செயலை ஈண்டு நினைவுகூர வேண்டும். பால்மரம் சீவியவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வருவார். கிராணி பாலை அளந்து, மெட்ரோலக் என்னும் மிதவைக் கருவியை அதில் இட்டு, உலர்ந்த இரப்பரின் பங்கு இவ்வளவு என்று கணக்கிட்டு ஏட்டில் குறிப்பார். வாளியில் உள்ளது பாதிக்கும் மேல் நீர். ஆதலால் கூலி வாளியின் எடையைப் பொறுத்ததன்று. மிதவை காட்டிய எண்ணைப் பொறுத்தது. அவ்வெண்ணைச் சீவியவர் தாமே சரிபார்க்க வழியில்லை. நிறுவையில் நம்பிக்கையின்மை தோட்ட வாழ்வின் நிலையான மனக்குறைகளுள் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் இதுவே. அளவீடு யார் கையில் உள்ளது என்பது அறிவியல் வரலாற்றிலும் இதே அளவு கூர்மையான வினா என்பதைப் பின்னர்க் காண்போம்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. காற்றில் நகரும் இறக்கையை மேல்நோக்கித் தூக்கும் விசையைத் தூக்குவிசை என்றும் ஏற்றம் என்றும் தமிழில் எழுதுகின்றனர். இக்கட்டுரையில் நாம் ஏற்றம் என்பதையே கொள்கிறோம். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றமும் அச்சொல்தான். அதன் நீண்ட மரத்திற்குத் துலா என்பது பெயர். எடை பார்க்கும் கோலும் துலாக்கோலே. காற்றுச் சுரங்கத்தில் இறக்கையின் ஏற்றத்தை அளக்கும் கருவியையும் துலாக்கோல் என்று சொன்னால், தூக்குவது, நிறுப்பது ஆகிய இரண்டும் ஒரே சொற்குடும்பத்துள் வந்துவிடுகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய வாய்ப்பு அரிதாகவே அமையும். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தைக் காற்றிதழ் என்பது இன்று வழங்கும் சொல். மலரிதழின் மென்வளைவை நினைவூட்டுவதால் அது பொருத்தமானதே. காற்று, பொருளைப் பின்னோக்கித் தள்ளும் விசை இழுவை எனப்படும். 1916இல் சேலத்தில் தொடங்கிய அறிவியற் கலைச்சொல் முயற்சி முதல், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியம் வரை, இத்தகைய சொற்களை ஆக்கியோர் பட்ட உழைப்பு பெரிது. சொல் ஆக்கப்பட்டது, ஆனால் அச்சொல்லைக் கொண்டு சொல்லப்பட வேண்டிய வரலாறு பெரும்பாலும் சொல்லப்படாமலே நின்றது.

சுழலும் கையிலிருந்து பெட்டிக்குள்

காற்று ஒரு பொருளின்மீது செலுத்தும் விசையை அளக்க இரு வழிகள் உண்டு. காற்று அசையாதிருக்கப் பொருளை நகர்த்தலாம். பொருள் அசையாதிருக்கக் காற்றை நகர்த்தலாம். இரண்டும் ஒரே விளைவைத் தருவன. முதல் வழியே முதலில் கைக்கொள்ளப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ், கீழே விழும் எடையொன்றினால் சுழற்றப்படும் நீண்ட கையின் நுனியில் பொருளைப் பொருத்தி அதன் காற்றுத் தடையை ஆராய்ந்தார். 1804இல் ஜார்ஜ் கேலி அதே வகைச் சுழலும் கையில் சாய்ந்த தட்டையான பரப்பை வைத்து ஏற்றத்தை அளந்தார். ஏற்றம், இழுவை, உந்துதல் ஆகியவற்றைத் தனித்தனி விசைகளாகப் பிரித்துக் கண்ட முதல்வர் அவரே. சுழலும் கையில் ஒரு குறை உண்டு. சில சுற்றுகளுக்குப் பிறகு அறையின் காற்றும் கையோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். பொருளுக்கும் காற்றுக்கும் இடையிலான உண்மை வேகம் என்ன என்பது அப்போது ஐயத்திற்குரியதாகிவிடும்.

இக்குறையை நீக்கியவர் பிரான்சிஸ் வென்ஹாம். பிரித்தானிய வானூர்திக் கழகத்தின் ஆதரவில் 1871இல் அவர் அமைத்த பெட்டிதான் உலகின் முதல் காற்றுச் சுரங்கம். 12 அடி நீளம், 18 அங்குலச் சதுர வாய். நீராவிப் பொறியால் இயங்கிய விசிறி மணிக்கு 40 மைல் வேகத்தில் காற்றைச் செலுத்தியது. காற்று சீராகப் பாயவில்லை. ஆயினும் பெரும்பயன் ஒன்று விளைந்தது. சிறு கோணத்தில் சாய்ந்த பரப்பின் ஏற்றம் அதன் இழுவையைப் போலப் பன்மடங்காக இருப்பதையும், அகலத்தினும் நீளம் மிகுந்த இறக்கையே சிறந்தது என்பதையும் அச்சோதனைகள் காட்டின. நியூட்டனின் கருத்திலிருந்து பிறர் வருவித்த கணக்கின்படி சிறு கோணத்தில் ஏற்றம் மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும். அதை நம்பியவர்கள் மனிதப் பறப்பு இயலாதது என்றே முடிவு செய்திருந்தனர். ஒரு பெட்டியும் ஒரு துலாக்கோலும் அம்முடிவைத் தகர்த்தன. 1884இல் ஹொரேஷியோ பிலிப்ஸ் மேலும் சீரான சுரங்கம் ஒன்றில் வளைந்த இதழ்களைச் சோதித்துக் காப்புரிமையும் பெற்றார்.

மலாக்காவைப் பொறுத்தவரை, வளைந்த பரப்பின் ஆற்றல் புதிய செய்தியன்று. அத்துறைமுகமே பருவக்காற்றால் பிறந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரின் கலங்கள் காற்றை நம்பியே வந்து சென்றன. பக்கவாட்டுக் காற்றில் விரிந்த பாய் காற்றால் தள்ளப்படுவதோடு நில்லாமல், நிமிர்த்தி வைத்த காற்றிதழாகவே செயற்படுகிறது. மலாய் மக்களின் வாவ் பட்டத்தின் வளைந்த மூங்கிற் சட்டமும் அதே அறிவின் வெளிப்பாடு. செய்முறை அறிவு எண்ணாக மாறவில்லை என்பதொன்றே வேறுபாடு.

டேட்டன் நகரின் பெட்டி

எண்ணாக மாறிய அறிவும் பிழையாக இருக்கலாம். இவ்வரலாற்றில் நாம் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே.

1759இல் ஜான் ஸ்மீட்டன் என்னும் பொறியாளர், நீராலும் காற்றாலும் இயங்கும் ஆலைகள் பற்றிய ஆய்வுரை ஒன்றை இலண்டன் அரச கழகத்தில் அளித்தார். காற்றுக்கு நேர்நின்ற தட்டையான பலகையின்மீது எவ்வளவு விசை விழும் என்பதற்கான அட்டவணை ஒன்று அதில் இருந்தது. அவ்வட்டவணை அவர் தாமே அளந்ததன்று. ரூஸ் என்னும் நண்பர் தந்தது. அதிலிருந்து பெறப்பட்ட 0.005 என்னும் மாறிலி ஸ்மீட்டனின் பெருமையால் அவர் பெயரையே பெற்று, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நூல்களில் நிலைபெற்றது. சிலர் அதனை ஐயுற்றனர். வேறு அளவுகளும் வெளிவந்தன. எனினும் கையேடுகள் பழைய எண்ணையே சுமந்தன.

செருமானியரான ஓட்டோ லிலியந்தால் பறவையின் இறக்கையை ஆராய்ந்து, வளைந்த பரப்பின் ஏற்றம் கோணத்தோடு எவ்வாறு மாறுகிறது என்னும் அட்டவணையை உருவாக்கினார். அவருடைய நூல் 1889இல் வெளிவந்தது. பிறகு தாமே சறுக்கு விமானங்கள் செய்து பறந்தார். 1896 ஆகஸ்டில் விபத்தில் உயிர்நீத்தார். அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திய வில்பர் ரைட், ஓர்வில் ரைட் சகோதரர்கள் லிலியந்தாலின் அட்டவணையையும் ஸ்மீட்டனின் மாறிலியையும் கொண்டே தங்கள் சறுக்கு விமானங்களை வடிவமைத்தனர். 1901 கோடையில் கிட்டி ஹாக் மணற்பரப்பில் சோதித்தபோது, கணக்கிட்ட ஏற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. வில்பர் மிகவும் சோர்ந்து திரும்பினார்.

யாரை ஐயுறுவது? முதலில் லிலியந்தாலின் அட்டவணையை ஐயுற்றனர். இறந்த ஒருவரின் எண்ணைக் குறைகூறி விலகிவிடாமல் அவர்கள் மேற்கொண்டு செய்த செயலே அவர்களைப் பிறரினின்று பிரிக்கிறது. 6 அடி நீளமும் 16 அங்குலச் சதுர வாயும் உடைய மரப்பெட்டி ஒன்றைச் செய்தனர். கடையின் பொறியால் இயங்கும் விசிறியை ஒரு முனையில் பொருத்தினர். மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளையும் பழைய இரம்ப அலகுகளையும் கொண்டு துலாக்கோல் ஒன்றை அமைத்தனர்.

அத்துலாக்கோலின் நுட்பத்தை விளக்கினாலன்றி அதன் பெருமை விளங்காது. மேற்பகுதியில் சிறு இறக்கை மாதிரி செங்குத்தாக நிறுத்தப்பட்டது. ஆதலால் அதன் ஏற்றம் பக்கவாட்டில் இழுக்கும். கீழ்ப்பகுதியில் காற்றுக்கு நேர்நிற்கும் தட்டையான சிறு தகடுகள் இருந்தன. அவற்றின்மேல் விழும் காற்றின் விசை அவ்விழுப்பை எதிர்த்தது. இரண்டும் சமன்பட்ட நிலையில் ஒரு முள் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதன் சைன் மதிப்பே, தட்டையான பலகையோடு ஒப்பிட்ட இறக்கையின் ஏற்றம். காற்றின் வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் இரு விசைகளும் ஒருசேர மாறுவதால் முள் அசையாது. ஸ்மீட்டனின் மாறிலியும் இக்கணக்கில் நுழையவே இல்லை. சுருள்வில் தராசுக்கும் இருதட்டுத் தராசுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்: வில் தராசு தன் வில்லை நம்பச் சொல்கிறது, இருதட்டுத் தராசோ ஒரு பொருளை மற்றொரு பொருளோடு நேருக்கு நேர் நிறுத்துகிறது.

1901 இறுதிக்குள் ஏறத்தாழ 200 வடிவங்களை அவர்கள் பார்த்தனர்; அவற்றுள் நாற்பதுக்கு மேற்பட்டவற்றை முறையாக அளந்து அட்டவணையிட்டனர். லிலியந்தாலின் அட்டவணை அவருடைய இறக்கை வடிவத்திற்குப் பெரும்பாலும் சரியே என்பது தெரிந்தது. பிழை வேறிடங்களில் இருந்தது. தங்கள் பறப்புகளின் தரவுகளிலிருந்து அவர்கள் பெற்ற மாறிலி 0.0033, இன்றைய மதிப்பும் அதுவே எனலாம். நூல்களில் இருந்த எண் ஒன்றரை மடங்கு பெரியது. அதனை ஏற்றவர்க்கு எதிர்பார்த்த ஏற்றத்தில் மூன்றில் இரு பங்கு மட்டுமே கிடைக்கும். எஞ்சிய குறை வடிவத்தால் விளைந்தது: லிலியந்தால் சோதித்த இறக்கை ஒடுங்கி நீண்டது, இவர்களுடையதோ அகன்று குறுகியது, வளைவும் வேறானது. ஒருவரின் அட்டவணையை வேறொரு வடிவத்திற்கு அப்படியே எடுத்தாண்டது தவறு. திருத்திய எண்களோடு 1902இல் செய்த சறுக்கு விமானம் கணக்கிட்டபடியே பறந்தது. 1903 டிசம்பர் 17இல் பொறி பூட்டிய விமானம் முதற்பறப்பில் 12 வினாடி, 120 அடி பறந்தது. அந்நாளைப் பள்ளி மாணவர் அனைவரும் அறிவர். அதற்கு இரண்டாண்டு முன் ஒரு கடையின் மாடியில் நடந்த அளவீட்டைச் சிலரே அறிவர். பின்னதே பெரிய நிகழ்ச்சி என்பது எம் கருத்து.

கோட்டிங்கனிலிருந்து பெங்களூருக்கு

அதன் பிறகு காற்றுச் சுரங்கம் தனி மனிதரின் கருவியாக இருக்கவில்லை. செருமனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டல் 1908இல், காற்று சுற்றித் திரும்பி வரும் மூடிய சுரங்கத்தை அமைத்தார். பாரிசில் குஸ்தாவ் ஈஃபில், தம் பெயர்பெற்ற கோபுரத்திலிருந்து பலகைகளை விழவிட்டு அளந்தபின், 1909இல் அதன் அடியிலேயே ஒரு சுரங்கம் கட்டினார். அமெரிக்க அரசின் வானூர்தி ஆலோசனைக் குழு லாங்லியில் அழுத்திய காற்றைக் கொண்டு இயங்கும் சுரங்கம் ஒன்றில் 78 காற்றிதழ்களை ஒரே முறையில் சோதித்து 1933இல் வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் கையேடாயிற்று.

கோட்டிங்கன் மரபு இந்தியாவை வந்தடைந்த வழி நேரானது. பிராண்டலிடம் ஆய்வுப் பட்டம் பெற்ற வி. எம். காட்கே, 1942இல் பெங்களூரு இந்திய அறிவியற் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கப்பட்டபோது அதன் முன்னோடிகளுள் ஒருவரானார். பின்னர் 1951இல் பறந்த எச்டி-2 பயிற்சி விமானத்தை வடிவமைத்தார். அக்கழகத்தில் 14 அடிக்கு 9 அடி வாயுடைய திறந்த சுரங்கம் 1959இல் அமைந்தது. தேசிய வானூர்தி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் சுரங்கம் 1967 முதல் ஒலியைவிட விரைந்த பாய்ச்சலையும் ஆராய வழிசெய்தது. தமிழகத்தில் சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரி வானூர்திப் பொறியியலைக் கற்பித்தது, ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அங்கே பயின்றவர் என்பதை நம் ஆசிரியர்கள் அறிவர். மலேசியாவில், ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குறைவேகச் சுரங்கம் இத்துறையின் முதன்மையான கருவி. அதன் சோதனை அறை 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உடையது. காற்று வினாடிக்கு 80 மீட்டர் வரை செல்லும்.

அளக்கும் முறை

இன்றைய சுரங்கத்தில் இறக்கையின் மாதிரி ஒரு துலாக்கோலின்மேல் நிற்கிறது. சாய்வுக் கோணத்தைப் படிப்படியாக மாற்றி, ஏற்றத்தையும் இழுவையையும் குறிக்கின்றனர். மற்றொரு முறையில், இதழின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஊசிமுனைத் துளைகள் இட்டு ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் நுண்குழாய் வழியே அளப்பர். மேலே அழுத்தக் குறைவும் கீழே மிகுதியும் எவ்வளவு என்று கூட்டினால் ஏற்றம் கிடைக்கும். இரு முறைகளும் ஒத்த விடையைத் தந்தால்தான் அளவீடு நம்பத்தக்கது.

கணக்கு எளியது. காற்றின் அடர்த்தி, வேகத்தின் இருபடி, இறக்கையின் பரப்பு ஆகியவற்றைப் பெருக்கிப் பாதியாக்கி, ஏற்றக் கெழுவால் பெருக்க வேண்டும். கெழு என்பது வடிவத்தையும் கோணத்தையும் சார்ந்த வெறும் எண். மலாக்காவின் 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.16 கிலோகிராம், நூல்கள் தரும் 1.225 என்பது 15 பாகைக்கு உரியது. ஐந்து விழுக்காட்டு வேறுபாடு இது. குளிர்நாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்தாண்டால் நம் நாட்டில் ஏற்றம் அந்த அளவு குறைந்தே கிடைக்கும். அரை மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உடைய மாதிரி, வினாடிக்கு 30 மீட்டர் காற்றில், கெழு 0.8 ஆகும் கோணத்தில் ஏறத்தாழ 42 நியூட்டன் ஏற்றம் தரும். நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட எடையைத் தூக்கும் விசை அது.

கோணத்தைக் கூட்டக் கூட்ட ஏற்றம் கூடும். பல இதழ்களில் 15 பாகையை நெருங்கும்போது காற்று மேற்புறத்தை விட்டுப் பிரிந்து ஏற்றம் திடீரென வீழும். விமான ஓட்டிகள் அஞ்சும் நிலை அதுவே. அஃது எந்தக் கோணத்தில் நேரும் என்பது மாதிரியின் அளவையும் வேகத்தையும் பொறுத்து மாறும். மேற்சொன்ன மாதிரியின் ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 3,75,000. ஒரு சிறு விமானத்தின் இறக்கைக்கோ அது 30 இலட்சத்தைத் தாண்டும். ஆகவே சுரங்கத்து எண்ணை விமானத்திற்கு ஏற்றிச் சொல்வதே தனிக் கலையாக வளர்ந்தது.

ஆசிரியர்களுக்கு ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். இறக்கையின் மேற்புறம் வளைந்து நீண்டது. ஆகையால் மேலே செல்லும் காற்று கீழே செல்லும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைய விரைந்து ஓடுகிறது. அதனால் அழுத்தம் குறைகிறது என்னும் விளக்கம் பல பாடநூல்களில் உண்டு. இது தவறு. இரு காற்றுகளும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புகையைச் செலுத்திப் பார்த்த சுரங்கச் சோதனைகளில், மேலே செல்லும் காற்று கீழே செல்வதற்கு முன்னதாகவே பின்விளிம்பைக் கடந்துவிடுவது தெளிவாகத் தெரிகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அவ்வாறு திருப்பும்போது மேலே அழுத்தம் குறைகிறது, கீழே கூடுகிறது. தட்டையான பலகையும் தலைகீழாகப் பறக்கும் விமானமும் ஏற்றம் பெறுவது இதனாலேயே. ஸ்மீட்டனின் எண்ணைப் போலவே இத்தவறான விளக்கமும் நூலிலிருந்து நூலுக்குப் படியெடுக்கப்பட்டு வாழ்கிறது.

பத்து பெரண்டாம்

1970களில் பத்து பெரண்டாமில் தடையற்ற வணிக வட்டாரம் உருவாகி, மின்னணு ஆலைகள் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், எண்ணெய்ப்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு நிலம் சென்றும் கொண்டிருந்த காலம் அது. சீவுகத்தி பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைப் பேருந்து ஏறினர். 1980களில் அங்கே விமான ஓட்டிகளுக்கான பயிற்சிக் கழகம் ஒன்று தொடங்கியது. 1990இல் நிறுவப்பட்ட மலேசியக் கலப்புப்பொருள் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அவ்விடத்தையே தன் இருப்பிடமாகக் கொண்டு, ஆஸ்திரேலியாவில் பிறந்த ஈகிள் 150 என்னும் இருவர் அமரும் சிறு விமானத்தை அங்கே கட்டியது.

அவ்விமானம் நம் கட்டுரைக்கு மிகவும் ஏற்ற பொருள். அதற்கு ஏற்றம் தரும் பரப்புகள் மூன்று: மூக்கருகே முன்னிறக்கை, நடுவே முதன்மை இறக்கை, வாலில் கிடைமட்டப் பரப்பு. முன்னிறக்கை உடைய விமானங்களில், முதன்மை இறக்கைக்கு முன்பே முன்னிறக்கை ஏற்றத்தை இழக்குமாறு வடிவமைப்பர். அவ்வாறாயின் மூக்குத் தானாகத் தாழும்; விமானம் வேகம் பெற்று மீளும். இரு இறக்கைகளும் எந்தெந்தக் கோணத்தில் ஏற்றத்தை இழக்கும் என்பதைச் சில பாகை நுட்பத்தோடு அறியாமல் இதனைச் செய்ய இயலாது. மழையும் இங்கே குறுக்கிடுகிறது. 1970களில் அமெரிக்காவில் வந்த முன்னிறக்கைச் சிறு விமானங்கள் சிலவற்றில், மழைத்துளி படிந்தவுடன் முன்னிறக்கையின் ஏற்றம் குறைந்து மூக்குத் தாழ்வது தெரியவந்தது. அதன் இதழ் துளியின் கரடுமுரடைத் தாங்கவில்லை. அதற்கென வேறு இதழ் வடிவமைக்கப்பட்டது. சுரங்கங்களில் மாதிரியின் முன்விளிம்பில் நுண்மணலை ஒட்டிச் சோதிக்கும் வழக்கம் இத்தகைய கரடுமுரடின் விளைவை முன்கூட்டியே அறிவதற்கே. பிற்பகல்தோறும் மழை கொட்டும் மாநிலத்தில் இதனை விளக்க உவமை தேட வேண்டியதில்லை.

ஈகிள் விமானம் பெருமளவில் விற்பனையாகவில்லை, உற்பத்தி நின்றது. நிறுவனம் ஏர்பஸ் ஏ320, ஏ380 முதலிய விமானங்களின் இறக்கைகளுக்குக் கலப்புப்பொருள் உறுப்புகள் செய்யும் தொழிலுக்கு மாறி நிலைபெற்றது. 2013இல் அதன் உரிமை கைமாறியது. முழு விமானம் கட்டும் கனவினும் இது சிறியது என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. இறக்கையின் புறத்தே அமையும் பலகையில் ஒரு சிறு மேடு இருந்தாலும் காற்று அதனை உணரும். வடிவத்தைத் துல்லியமாகக் காப்பது சுரங்கத்தில் அளந்த எண்ணைக் காப்பதேயாகும்.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற கொள்கை அவற்றுக்கும் வந்தது. 2012 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பயின்றோருக்கு அறிவியல் என்பது தமிழில் பேசப்படாத ஒன்றாகவே பதிந்தது. மொழிக் கொள்கையின் நன்மை தீமைகளை ஈண்டு விரிக்க இடமில்லை. கலைச்சொல் பட்டியலை மட்டும் மீண்டும் கையில் கொடுப்பதால் அவ்விடைவெளி நிரம்பாது என்பதே எம் நிலைப்பாடு. சொல்லோடு செய்முறையும் சேர்ந்து வர வேண்டும். அதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை.

சமையலறை மின் தராசு ஒன்று. அதன்மேல் கனமான மரக்கட்டை. கட்டையில் நட்ட கம்பியின் உச்சியில், தடித்த தாளை மடித்துச் செய்த 20 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உடைய இறக்கை. எதிரே மேசை விசிறி. விசிறியின் காற்று சுழன்று வருவதால், உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி இடையில் நிறுத்த வேண்டும். காற்று தராசின் தட்டில் படாமல் அட்டையால் மறைக்க வேண்டும். காற்று வினாடிக்கு 4 மீட்டர் என்றால், கெழு 0.8 ஆகும் கோணத்தில் தராசின் எண் ஏறத்தாழ 23 கிராம் குறையும். கோணத்தை இரண்டு இரண்டு பாகையாகக் கூட்டிச் செல்லும்போது எண் மேலும் மேலும் குறைந்து, 10 முதல் 15 பாகைக்குள் ஓரிடத்தில் குறைவது நின்றுவிடும். தாளின் முன்விளிம்பில் பசை தடவி மணல் தூவிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்து, இரு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் மாணவர்களே வரையலாம்.